கோப்புகளுக்கு நடுவே ஓர் அறிவியலாளர்



இராமேஸ்வரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீனின் மகன் அப்துல் கலாமைப் பற்றி இக்கரையில் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். பள்ளிவாசல் தெருவும், செய்தித்தாள் சுமந்த இளமையும், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியும் இங்குள்ள சிறுவர்க்கும் மனப்பாடம். தமிழில் கவிதை எழுதியவர் என்பதால் கவியரங்குகளும் அவரை உரிமை கொண்டாடிவிட்டன. ஆனால் அவருடைய பணிக்காலத்தின் பெரும்பகுதி கோப்புகளிலும் குழுக்கூட்டங்களிலும் கழிந்தது. அந்தப் பகுதியை எவரும் பாடுவதில்லை.

1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் எழுந்தது. இரண்டாம் கட்டத்தில் தடம் புரண்டு வங்கக் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். எனினும் செய்தியாளர் முன் நின்று பொறுப்பை ஏற்றவர் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது, தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேசச் சொன்னார். இதைக் கலாமே மேடைதோறும் சொல்லி வந்தார். அரசின் அறிவியல் துறையில் தலைமை என்பது பழியைத் தாங்கும் முதுகு என்று அவர் கற்றது அன்றுதான் போலும்.

அந்த முதுகுக்கு விரைவிலேயே வேலை வந்தது. 1982இல் ஐதராபாத் பாதுகாப்பு ஆய்வகத்தின் இயக்குநரானார். அடுத்த ஆண்டு 388 கோடி ரூபாயில் பிருதிவி, அக்னி, திரிசூல், ஆகாஷ், நாக் என ஐந்து ஏவுகணைகளுக்கு அரசு ஒப்புதல் தந்தது. 1987இல் ஏழு நாடுகள் கூடி ஏவுகணை நுட்பத்துக்குக் கதவடைத்தன. பல்கலைக்கழகங்களையும் தொழிற்சாலைகளையும் ஒரே நுகத்தில் பூட்டி, வெளியே வாங்க முடியாததை உள்ளேயே செய்யவைத்தார் அவர். 1989இல் அக்னி இரு முறை புறப்படாமல் நின்றது. நாளேடுகள் கேலி செய்தன. மே 22 அன்று பறந்தது.

எல்லாம் பறந்துவிடவில்லை. திரிசூல் படையில் சேராமலே கைவிடப்பட்டது. நாக் பல ஆண்டுகள் இழுத்தது. 1992இல் பாதுகாப்பு அமைச்சரின் அறிவியல் ஆலோசகரும் துறைச் செயலரும் ஆன பிறகு, படைக்கலத் தேவையில் 70 விழுக்காட்டை 2005க்குள் நாமே செய்துகொள்வோம் என்று அவர் தலைமையிலான குழு குறித்த இலக்கும் எட்டப்படவில்லை. இதைச் சொல்ல அவருடைய ஊர்க்காரர்கள் கூசவேண்டியதில்லை. கணக்குக் கேட்கப்படாத அறிவியலுக்கு மக்கள் பணத்தில் உரிமை ஏது?

கவிஞர்களுக்கு வேறொரு கேள்வி உண்டு. 1998 மே 11, 13 நாட்களில் பொக்ரானில் நிகழ்ந்த அணு வெடிப்புகளில் அணுசக்தித் துறையின் ஆர்.சிதம்பரத்தோடு தோள்கொடுத்தவர் கலாம். வீணை மீட்டிய கை எப்படி இதைச் செய்தது? வலிமையே வலிமையால் மதிக்கப்படும் என்பது அவருடைய விடை. அந்த விடையை ஏற்காதவர் இந்த அவையிலும் இருக்கலாம், இருக்கவேண்டும். ஆனால் வேறொருவர் மேல் சுமத்திவிட்டு அவர் நழுவவில்லை என்பதை எதிர்ப்பவரும் ஒப்புவர்.

1999 நவம்பரில் அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் ஆனார்; அமைச்சருக்கு நிகரான தகுதி. ஏறத்தாழ 500 வல்லுநர்களைக் கொண்டு முன்பே வகுத்திருந்த 2020 தொலைநோக்கை ஊர்களுக்குக் கொண்டுசெல்ல அந்த நாற்காலி போதவில்லை போலும். ஈராண்டில் விலகி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராக வந்தார். குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தது அதன் பிறகு, 2002இல்.

ஒன்று மட்டும் விரிவாகச் சொல்லத்தக்கது. ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான கலவைப் பொருளைக் கண்ட ஐதராபாத் மருத்துவர் ஒருவர், போலியோவால் கால் சூம்பிய குழந்தைகள் மூன்று கிலோ எடைக் கருவியை இழுத்து நடப்பதைக் காட்டினார். சில வாரங்களில் 300 கிராம் எடையில் புதிய கருவி வந்தது. எந்தக் கோப்பும் அதைக் கேட்கவில்லை. குழந்தைகள் ஓடினர், பெற்றோர் கண்கலங்கினர். தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக, செயற்கைக்கோளுக்கும் அக்னிக்கும் பக்கத்தில், கலாம் அதை எண்ணி வந்தார்.