வானொலி அலையும் நம் மாணவரும்



இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நம் மாணவர்க்கு வானொலி வானியலை மாலை வகுப்பிற் கற்பிக்கத் தொடங்கினோம். "கூலிக்காரர் பிள்ளைக்கு இது எதற்கு?" என்றார் சிலர். மலைமேல் மின்னல் வெட்டுந்தோறும் டிரான்சிஸ்டர் பெட்டி கரகரப்பதைக் காட்டினோம். "சூரியனும் இவ்வாறு அலை அனுப்புமா?" என்று ஒரு சிறுமி வினவினாள். அனுப்பும் என்றோம்.

உதகையருகே முத்தோரையில் 1970-இல் கோவிந்த் சுவரூப் தலைமையில் எழுந்த 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி அவ்வலைகளையே ஆராய்கிறது. அம்மலைச்சரிவு ஏறத்தாழ 11 பாகை. அவ்விடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆதலின் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே சுழற்சியால் ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்திற்கு மேலும் தொடரலாம். சூரியக் காற்றினூடே வரும் தொலைதூர அலைகள் மினுமினுக்கும். அம்மினுமினுப்பைக் கொண்டே அக்காற்றின் வேகத்தை அளக்கின்றனர்.

இதனாற் பயன் யாது? 1989 மார்ச்சில் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றி இருண்டது. சூரியனைக் கண்காணிக்க 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் நிகர் ஷாஜி, நம் அண்டை ஊராகிய செங்கோட்டையில் பிறந்தவர்.

கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோர் வழிவந்தோர் நாம். வானத்திற்கு வாயில் இல்லை, ஆய்வுக்கூடத்திற்கு உண்டு. அதனை நம் பிள்ளைகட்குத் திறப்பதே இச்சங்கத்தின் அடுத்த கால் நூற்றாண்டுப் பணியாகுக!