உளுவையின் வால் அசைவு
(வெள்ளவத்தையில், தலைநகரில் தொழில் செய்யும் மலையக இளைஞர் மத்தியில் ஆற்றிய உரை)



கிடைத்த ஒரு நாள் லீவில், கொட்டாஞ்சேனையிலிருந்தும் இந்த வெள்ளவத்தைக் கடைகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். ரயில் பாதையைத் தாண்டினால் கடல். மலையில் பிறந்த நமக்கு அந்தக் கடலிலும் ஒரு பாடம் உண்டு.

நமது இந்து சமுத்திரத்தில், பவளப்பாறைகளை ஒட்டிய மணலில், விரல் நீள உளுவை மீனும் ஓர் இறாலும் ஒரே வளையில் குடியிருக்கின்றன. வளை தோண்டுவது இறால். பகலெல்லாம் மணலை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆனால் அதற்குப் பார்வை குறைவு. உளுவைக்கோ கண் கூர்மை; வளை தோண்ட வராது. ஆகவே மீன் வாசலில் காவல் நிற்கிறது. வெளியே வரும் இறால், தன் நீண்ட மீசையை மீனின் உடம்பில் தொட்டபடியே வேலை செய்கிறது. ஆபத்து கண்டால் உளுவை வாலை அசைக்கும். இறால் உள்ளே போய்விடும். இன்னும் நெருங்கினால் மீனும் வளைக்குள் பாயும்.

இங்கே யாரும் யாருக்கும் துரை இல்லை. நீங்கள் தோண்டிய வளையில்தான் சங்கமும் குடியிருக்கிறது. ஆபத்தைக் கண்டும் வாலை அசைக்காத சங்கம் நமக்குத் தேவையில்லை. எனவே இப்போது அசைக்கிறோம், கேளுங்கள்.

கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாதாரண வேலை நேரம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் மேலதிகக் கொடுப்பனவு. நியமனக் கடிதம் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு ஆகக் குறைந்தது உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம். இது யாரும் போடும் பிச்சை அல்ல, உரிமை.

வீட்டு வேலைக்கு வந்த தங்கைமாருக்கு அந்தக் கடைச் சட்டத்தின் காவல் இல்லை. நான்கு சுவருக்குள் நடப்பது யாருக்கும் தெரியாது. ஆகவே அவர்களுக்குத்தான் இந்தத் தொடர்பு மிக அவசியம். தோட்டத்திலுள்ள பெற்றோரே, பிள்ளை வேலை செய்யும் வீட்டு விலாசத்தைத் தோட்டத் தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். வாரம் ஒரு தடவையாவது பிள்ளையின் குரலைக் கேளுங்கள். குரல் வராவிட்டால் அன்றே எங்களுக்குச் சொல்லுங்கள்.

மீசை மீனைத் தொட்டிருக்கும் வரைதான் இறாலுக்குப் பாதுகாப்பு. தொடர்பை விடாதீர்கள்; நாங்களும் வாசலை விட்டு அகல மாட்டோம்.