கழிவு எங்கே போகும் என்று கேளுங்கள்!



சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஹம்மர்பி என்ற ஏரிக்கரை உண்டு. தொழிற்கூடங்களால் மண் கெட்டுக் கிடந்த இடம். 2004 ஒலிம்பிக் கிராமத்தை அங்கே அமைக்கத் திட்டமிட்டார்கள். 1997-ல் அந்த வாய்ப்பு ஏதென்ஸுக்குப் போனது. ஆனாலும் புதுநகர்த் திட்டத்தைக் கைவிடவில்லை!

வீடு கட்டுமுன்பே எரிசக்தி, தண்ணீர், குப்பை ஆகிய மூன்று துறையினரும் கூடி உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். ஒருவரின் கழிவு மற்றவருக்கு மூலப்பொருளானது. சுத்திகரித்த கழிவுநீரின் வெப்பத்தை எடுத்து வீடுகளுக்குச் சூடேற்றினார்கள். கசடிலிருந்து எரிவாயு எடுத்துப் பேருந்து ஓட்டினார்கள். குப்பையை எரித்து வெப்பமும் மின்சாரமும் பெற்றார்கள். மழைநீரைச் சாக்கடையில் கலக்கவிடாமல் தனியே பிரித்தார்கள்.

முழு வெற்றியா? இல்லை. ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் தண்ணீர் என்பது இலக்கு. செலவானதோ சுமார் 150 லிட்டர். நகரின் மற்ற பகுதிகளில் அப்போது சுமார் 200 லிட்டர் செலவானதால் இது குறைவுதான். ஆனால், குழாயை அரசு போடலாம்; அதை மூட வேண்டியது மக்களின் கையல்லவா?

ஆகவே சகோதரர்களே! பழைய பகுதியை இடித்துப் புதுநகர் கட்டுகிறோம் என்று யார் வந்தாலும், எத்தனை மாடி என்று மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், கழிவு எங்கே போகும் என்று கேளுங்கள். கட்டுமுன்பே கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால், போட்ட தெருவைத்தான் தோண்ட வேண்டியிருக்கும்!