பரிந்து பேசுவதற்கும் பயிற்சி வேண்டும்

(வெகுஜன அமைப்புகளிலும் தொண்டு நிறுவனங்களிலும் பணியாற்றும் தமிழ்த் தோழர்களுக்காகத் தில்லியில் நடைபெற்ற இருநாள் பயிற்சி முகாமின் தொடக்க அமர்வில் ஆற்றிய உரை.)



இம்முகாமின் அழைப்பிதழைத் தமிழாக்கும் பணி என்னிடம் தரப்பட்டபோது முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். ‘லாபியிங்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் எதை எழுதுவது? சட்டமன்றங்களின் நடைகூடத்தைக் குறித்த சொல் அது. அங்கே உறுப்பினர்களைச் சந்தித்துக் காரியம் முடித்துக்கொள்வோரின் தொழிலுக்கும் பின்னர் அதுவே பெயராயிற்று. நம் ஏட்டில் அதனைத் ‘தரகு’ என்றே பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறோம். அவ்வாறு எழுதியதில் தவறொன்றும் இல்லை. 2010இல் வெளிவந்த தொலைபேசி உரையாடல் பதிவுகள், பெருமுதலாளிகளின் தரகர்கள் அமைச்சர் பதவிகள்வரை பேசித் தீர்க்க முற்பட்டதை நாட்டுக்குக் காட்டின. இந்தியச் சந்தையில் நுழைவது தொடர்பாகவும் செல்வாக்குத் திரட்டச் செலவிட்டதாக வால்மார்ட் நிறுவனம் அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்த கணக்கு, 2012இல் நம் நாடாளுமன்றத்தில் புயலைக் கிளப்பியது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்கணக்கைக் காட்டியாக வேண்டும். இந்தியாவில் அத்தகைய சட்டமே இல்லை. நம் ஆட்சியாளர்களின் கதவை யார் தட்டினார்கள் என்பதை அயல்நாட்டுப் பதிவேட்டைப் பார்த்தே நாம் அறிய வேண்டியிருந்தது.

அழைப்பிதழில் இன்னொரு சொல்லும் இருந்தது: ‘அட்வகசி’. இதற்குத் தமிழில் தேடவேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. பரிந்து பேசுதல் என்று நம்மிடம் ஒரு வழக்கு உண்டு. பரிதல் என்றால் இரங்குதல், ஒருவர் பக்கம் நிற்றல். இன்று ‘பரிந்துரை’ என்பது அலுவலகச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. எனினும், பேச வாய்ப்பற்றவரின் பக்கம் நின்று பேசுதல் என்னும் பழைய பொருள் அதனுள் இன்னமும் இருக்கிறது. ஆகவே அழைப்பிதழில் ‘சட்டமியற்றும் அவைகளில் மக்களுக்காகப் பரிந்து பேசும் பயிற்சி’ என்று எழுதினேன்.

அதைப் படித்த மூத்த தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “நாம் தெருவில் நின்று பழகியவர்கள். நடைகூடத்தில் நமக்கு என்ன வேலை?” நியாயமான கேள்வி. அதற்கு நான் சொன்ன விடை வன உரிமைச் சட்டத்தின் வரலாறு. அதனையே உங்கள் முன்னும் வைக்கிறேன்.

2002 மே மாதத்தில் மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகம், காட்டு நிலத்தில் ‘ஆக்கிரமிப்பு’ செய்தோரை அகற்றுமாறு மாநில அரசுகளுக்கு ஆணை அனுப்பியது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் ஒரே ஆணையில் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். அதனை எதிர்த்துப் பல மாநிலங்களின் ஆதிவாசி அமைப்புகள் ஒன்று திரண்டன. இடதுசாரிக் கட்சிகளின் ஆதரவில் அன்றைய மத்திய அரசு நின்றிருந்த காலத்தில், 2005 டிசம்பர் 13 அன்று வன உரிமை மசோதா மக்களவையில் அறிமுகமாயிற்று. போராட்டத்தின் வெற்றி என்று நாம் மகிழ்ந்தோம்.

மசோதாவைப் படித்தவர்களுக்கோ மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1980 அக்டோபர் 25ஆம் நாளுக்கு முன்பிருந்தே நிலத்தில் இருந்தவர்க்கு மட்டுமே உரிமை என்றது ஒரு பிரிவு. பட்டியல் பழங்குடியினருக்கு மட்டுமே என்றது இன்னொன்று; அதே காட்டில் வாழும் தலித்துகளும் பிற ஏழைகளும் அதில் இல்லை. ஒரு குடும்பத்துக்கு 2.5 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. ஊர்வலத்தில் முழக்கமிட்ட பல்லாயிரம் பேரில் எத்தனையோ பேர், தங்கள் போராட்டத்தால் வந்த சட்டத்துக்கு வெளியிலேயே நின்றிருப்பார்கள்.

மசோதா கிஷோர் சந்திர தேவ் தலைமையிலான கூட்டு நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அமைப்புகள் அக்குழுவின் முன் சென்றன. வெறும் கண்டனத்தோடு செல்லவில்லை. எந்தப் பிரிவில் எந்தச் சொல்லை நீக்கி எந்தச் சொல்லைச் சேர்ப்பது என்று எழுதிச் சென்றன. தோழர் பிருந்தா காரத் உள்ளிட்ட இடதுசாரி உறுப்பினர்கள் அவைக்கு உள்ளும் வெளியிலும் அத்திருத்தங்களுக்காக விடாது வாதாடினர். 2006 மே மாதம் குழு அறிக்கை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில் சட்டம் நிறைவேறியபோது 1980 என்பது 2005 டிசம்பர் 13 ஆகியிருந்தது. ‘பிற பாரம்பரிய வனவாசிகள்’ சேர்க்கப்பட்டிருந்தனர். உச்சவரம்பு 4 ஹெக்டேர் ஆகியிருந்தது.

இருப்பினும் முழு வெற்றி கிட்டவில்லை. உரிமையை முடிவு செய்யும் இறுதி அதிகாரம் கிராம சபையிடம் வரவில்லை. அது தொடங்கி வைக்க, மாவட்ட நிலைக்குழு முடிக்கும் என்று அமைந்தது. பிற வனவாசிகள் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், காட்டில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் உள்ளே நுழைந்தது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் 75 ஆண்டுக்கால ஆவணம் கேட்டால் அவர்கள் எங்கே போவார்கள்? மனுக்கள் பெருமளவில் தள்ளுபடி ஆயின. 2019 பிப்ரவரி 13 அன்று, மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அம்மாத இறுதியில் அவ்வாணை நிறுத்தி வைக்கப்பட்டது. ஒரு பிரிவில் புகுந்த ஓர் எண், 13 ஆண்டுகள் கழித்து இலட்சக்கணக்கான குடிசைகளின் வாசலில் வந்து நின்றது. மூத்த தோழரின் கேள்விக்கு இதுவே என் விடை. சட்டம் வேண்டும் என்னும் நெருக்கடியைத் தெரு உண்டாக்குகிறது. அந்தச் சட்டத்தில் யார் இருப்பார், யார் வெளியே நிற்பார் என்பது பிரிவுகளை எழுதும் அறையில் முடிவாகிறது. அவ்வறையில் முதலாளிகளின் ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

“அந்த அறையின் கதவே இப்போது மூடப்பட்டுவிட்டதே” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17ஆவது மக்களவைக் காலத்தில் அது 16 விழுக்காடாகச் சரிந்தது. மசோதா வரைவை 30 நாட்களாவது மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் வகுக்கப்பட்ட கொள்கை, சட்டமாக இல்லாததால் விரும்பியபோது மீறப்படுகிறது. மூன்று வேளாண் சட்டங்கள் எந்தக் குழுவுக்கும் செல்லவில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் வாக்கெடுப்புக் கோரிய குரல்களைப் புறக்கணித்துக் குரல் வாக்கில் அவற்றுள் இரண்டு நிறைவேற்றப்பட்டன. எதிர்த்த எட்டு உறுப்பினர்கள் மறுநாள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். கதவை மூடியவர்களுக்கு விவசாயிகள் தில்லியின் எல்லையில் ஓராண்டு அமர்ந்து விடை சொன்னார்கள். 2021 நவம்பரில் அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன.

ஆயினும் எல்லாச் சட்டத்துக்கும் ஓராண்டு முற்றுகை இயலாது. மேலும், பெரிய கதவு மூடியிருக்கும்போதும் சிறு வாயில்கள் சில உண்டு. அரசு வகுக்கும் விதிகள் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டாக வேண்டும். அவற்றை நீக்கக் கோரும் தீர்மானத்தை எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். 2011ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள் பேச்சுரிமையை நெரிக்கின்றன என்று இணைய உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டியபோது, தோழர் பி. ராஜீவ் 2012 மே மாதம் மாநிலங்களவையில் அத்தகைய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தீர்மானம் தோற்றது. ஆனால் அரசு அவையில் நின்று விடை சொல்ல நேர்ந்தது; வாதங்கள் அவைக்குறிப்பில் ஏறின. 2015இல் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை நீக்கியபோது, இடைத்தரகு நிறுவனங்கள் தொடர்பான அவ்விதிகளின் வீச்சையும் குறுக்கியது.

இனி என் குறை ஒன்றைச் சொல்லிக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நலத்திட்டம் ஒன்றைப் பற்றிய மசோதாவின் சுருக்கத்தை ஓரிரவில் தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் ‘மே’ என்று இருந்த இடத்தில், அரசு ‘வழங்க வேண்டும்’ என்று எழுதிவிட்டேன். ‘வழங்கலாம்’ என்றிருக்க வேண்டும். அதனை நம்பித் தோழர்கள் ஊர்தோறும் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்தார்கள். அலுவலர் ஆங்கிலப் பிரதியைப் புரட்டி, “கட்டாயம் என்று எங்கே இருக்கிறது?” என்று கேட்டாராம். அந்தத் தோழர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அடுத்த முறை எங்களுக்கே படிக்கக் கற்றுக்கொடுங்கள், தோழர்” என்றார். இன்று நான் இங்கு நிற்பதற்கு அவ்வொரு சொற்றொடரே காரணம்.

ஆகவே இந்த இரு நாட்களில் நாம் பழக வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்கிறேன்.

முதலாவது, மசோதாவைப் பின்னிருந்து படியுங்கள். நோக்கங்களும் காரணங்களும் இறுதியில்தான் இருக்கும். அதனுடன் நிதிக் குறிப்பும், விதி வகுக்கும் அதிகாரம் குறித்த குறிப்பும் இணைக்கப்பட்டிருக்கும். நோக்கத்தில் வாக்குறுதி பெரிதாகவும் நிதிக் குறிப்பில் தொகை வெறுமையாகவும் இருந்தால் அங்கிருந்தே நம் வினா தொடங்குகிறது. ‘வகுக்கப்படும் விதிகளின்படி’ என்று வருமிடமெல்லாம் நாடாளுமன்றம் தன் பொறுப்பை அமைச்சகத்திடம் ஒப்படைக்கிறது என்று அறிக.

இரண்டாவது, ‘லாம்’, ‘வேண்டும்’ ஆகிய இரண்டையும் பிரித்துக் குறியுங்கள். உரிமை என்பது யார் கடமை, எத்தனை நாளில், தவறினால் என்ன தண்டனை என்னும் மூன்றுக்கும் விடை தருவது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 30 நாள் என்றும், தகுந்த காரணமின்றித் தாமதித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் என்றும் அலுவலரின் தலையில் தண்டத்தைச் சுமத்தியது. ராஜஸ்தான் கிராமங்களின் பொது விசாரணைகளில் ஏமாற்றப்பட்ட கூலித் தொழிலாளர்கள் கேட்டவற்றிலிருந்து பிறந்த சட்டம் அது.

மூன்றாவது, கால அட்டவணை. நிலைக்குழு கருத்துக் கேட்டு விளம்பரம் தந்தால் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு வாரம்தான். ஆங்கிலத்திலோ இந்தியிலோ பிரதி கேட்பார்கள். தமிழில் மட்டும் எழுதத் தெரிந்த தொழிற்சங்கத் தோழரின் அனுபவம் இந்த இடத்தில் அறுந்துபோகிறது. அவர் பேசட்டும், நாம் பெயர்ப்போம். அதற்கென ஒவ்வொரு நகரத்திலும் இருவர் தேவை. குழுவுக்கு அளித்த மனு குழுவின் ஆவணமாகிவிடும். அதனை வெளியிடுவது உரிமை மீறல் ஆகலாம் என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது, உறுப்பினரைச் சந்திக்கும் முறை. நம் கட்சி உறுப்பினர்களை மட்டும் பார்த்துத் திரும்புவது எளிது. அவர்கள் ஏற்கெனவே நம் பக்கம். மற்றக் கட்சி உறுப்பினரிடம் ஒரு பக்கத் தாளோடு செல்லுங்கள்: அவர் தொகுதியில் எவ்வூர் மக்களுக்கு எப்பிரிவால் என்ன நேரும், மாற்றாக என்ன சொல் வேண்டும். திருத்தத்துக்கான அறிவிப்பு, மசோதா எடுத்துக்கொள்ளப்படும் நாளுக்கு ஒரு நாள் முன்பாவது அவைச் செயலகத்தில் இருக்க வேண்டும்.

தொண்டு நிறுவனத் தோழர்களுக்குத் தனியே ஒரு சொல். அயல்நாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டு, பெற்ற நிதியைச் சிற்றமைப்புகளுக்குப் பகிர்வது தடுக்கப்பட்டது. நிர்வாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைக்கப்பட்டது. மக்களுக்காகப் பரிந்து பேசும் அமைப்பின் கணக்கு இவ்வாறு இறுக்கப்பட்டது. அதே அரசு 2017இல் கம்பெனிகளின் அரசியல் நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காட்டு வரம்பை நீக்கியது. பெயர் மறைக்கும் தேர்தல் பத்திரங்களையும் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நீக்கும்வரை பெருமுதலாளிகளின் பரிந்துரை அவ்வழியே நடந்தது. இதனைச் சொல்வதால் நமக்கு விலக்குக் கேட்கிறோம் என்று பொருளன்று. நம் கணக்கு திறந்தே இருக்கட்டும். நிதி தருபவரின் திட்ட அறிக்கை நம் கோரிக்கையை முடிவு செய்யத் தொடங்கினால், நாம் எவ்வளவு திறமையாகப் பேசினாலும் அது தரகுதான். கோரிக்கை கிராம சபையிலும் ஆலைவாயிலிலும் முடிவாக வேண்டும்; அதனைப் பிரிவாக எழுதுவது மட்டுமே பயிற்சி பெற்றவரின் வேலை.

இடைவேளைக்குப் பின் உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு மசோதாவின் நகல் தரப்படும். கூடவே ஒரு சிவப்புப் பென்சிலும் தரப்படும். ‘லாம்’ என்று வரும் இடங்களையெல்லாம் அடிக்கோடிட்டு மாலை அமர்வுக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து தொடங்குவோம்.