வெளிநாட்டுக்குப் போகும் சான்றிதழ்கள்: கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவின் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் ஒரு குழுவில் உள்கடன் கேட்டு ஒரு மனு வந்தது. இருபத்தைந்தாயிரம் ரூபாய். காரணம் என்ற இடத்தில், "மகளுக்கு சவூதி போக சர்டிபிகேட் முத்திரை" என்று எழுதியிருந்தது. ஊக்குநர் கெட்டிக்காரி. "முத்திரைக்கு இவ்வளவா? கணக்கைக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார். ஏஜெண்டு எழுதிக் கொடுத்த சீட்டில் தூதரகக் கட்டணம் என்று ஒரு பெரிய தொகை இருந்தது. அந்தச் சீட்டை என்னிடம் கொண்டு வந்தார்கள். அதனால்தான் இன்றைக்கு இதைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன்.

முதலில் இந்த முத்திரை எதற்கு? நம்ம குழுவுக்கு வங்கியில் கணக்கு இருக்கு. குழுவில் இருக்கிற எல்லாரையும் மேனேஜருக்குத் தெரியுமா? தெரியாது. ஊக்குநர், பிரதிநிதி இவர்களுடைய மாதிரிக் கையெழுத்து மட்டும்தான் வங்கியில் இருக்கு. அது ஒத்துப்போனால் பணம் கொடுப்பார். அதே மாதிரிதான் இதுவும். நம்ம ஊர் பிறப்பு இறப்புப் பதிவாளர் போட்ட கையெழுத்து உண்மையா பொய்யா என்று ரியாத்தில் இருக்கிற அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அதனால் பதிவாளர் கையெழுத்தை மாநில அரசு சரிபார்க்கும். மாநில அரசின் கையெழுத்தை மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகம் சரிபார்க்கும். அமைச்சகத்தின் முத்திரையை அந்த நாட்டுக்காரர்கள் நம்புவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். முத்திரை சொல்வது "இந்தக் கையெழுத்தும் சீலும் உண்மையானவை" என்பதை மட்டும்தான். உள்ளே எழுதியிருப்பது சரி என்று அது சொல்லவில்லை. பிறந்த தேதி தப்பாக இருந்தால், தப்போடுதான் முத்திரை விழும். கொடுத்த பணம் வீண்.

அமைச்சகத்தின் முத்திரையில் இரண்டு வழி உண்டு. 1961-ல் நெதர்லாந்தில் உள்ள ஹேக் நகரத்தில் பல நாடுகள் சேர்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டன. அதில் சேர்ந்த நாடுகளுக்கு ஒரே ஒரு சான்று போதும். அதன் பெயர் அப்போஸ்டில். நம்பர் போட்ட ஒரு ஸ்டிக்கரைக் காகிதத்தின் பின்பக்கம் ஒட்டுவார்கள். அந்த நம்பரை எந்த நாட்டிலிருந்தும் கம்ப்யூட்டரில் சரிபார்க்கலாம். இந்த ஒப்பந்தம் இந்தியாவுக்கு 2005 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இதில் சேராத நாடுகளுக்குப் பழைய வழிதான்: அமைச்சகத்தின் அட்டெஸ்டேஷன் முத்திரை, அதற்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரை. குவைத், கத்தார், துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இந்த இரண்டாவது வகை. அமீரகத்துக்குப் போனால் அவர்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் வாங்கணும்.

இப்போது அந்த இருபத்தைந்தாயிரத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் 2021 செப்டம்பரில் இருந்தும், சவூதியில் 2022 டிசம்பரில் இருந்தும் இந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கு. ஓமன், பஹ்ரைன் அதற்கும் முன்பே சேர்ந்துவிட்டன. அப்போஸ்டில் வாங்கிய சான்றிதழுக்குச் சவூதி தூதரகத்தின் முத்திரை தனியாகத் தேவையில்லை. ஆனால் 2022-க்கு முன்னால் போன பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன கணக்கு நம்ம மனதில் இருக்கு. ஏஜெண்டுக்கும் அது வசதியாக இருக்கு! குழுவில் கேள்வி கேட்ட பிறகு அந்தத் தொகையைச் சீட்டிலிருந்து அவரே அடித்துவிட்டார்.

அரசுக் கட்டணம் எவ்வளவு தெரியுமா? அப்போஸ்டிலுக்கு ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய். அட்டெஸ்டேஷனுக்கு அமைச்சகம் பணமே வாங்குவதில்லை. 2012-லிருந்து அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாகக் காகிதம் வாங்குவதில்லை. அவர்கள் நியமித்த நிறுவனங்களிடம்தான் கொடுக்கணும். அவர்களுக்கு ஒரு சேவைக் கட்டணம் உண்டு. 2019-லிருந்து சென்னையிலேயே இந்த வேலை நடக்கிறது, டெல்லிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

ஏஜெண்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கிருந்து சென்னைக்கு இரண்டு தடவை பஸ் ஏறினால் டிக்கெட்டும் போச்சு, நாலு நாள் கூலியும் போச்சு. அவர் உழைப்புக்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் அரசுக் கட்டணம் எவ்வளவு, தூதரகத்துக்கு எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்க. மொத்தமாக ஒரு தொகை சொன்னால் ஒத்துக்காதீங்க. அசலைக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்க, இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து வைங்க. "நாளைக்கே முடிச்சுத் தர்றேன்" என்று சொல்பவரிடம் ரொம்ப ஜாக்கிரதை. போலி முத்திரையோடு அங்கே போய் மாட்டினால் ஜெயிலுக்குப் போவது ஏஜெண்டு இல்லை, நம்ம பிள்ளை.

காகிதம் எங்கே தொடங்கணும்? பிறப்பு, திருமணச் சான்றுகளுக்குத் தலைமைச் செயலகத்தில் மாநில அரசின் சான்று. டிகிரி சர்டிபிகேட் என்றால் முதலில் பல்கலைக்கழகம் அது உண்மையானது என்று சொல்லணும், பிறகு உயர்கல்வித் துறை. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் வெளியுறவு அமைச்சகம். நோட்டரி வக்கீல் ஜெராக்ஸில் போட்ட சீல் மட்டும் இருந்தால் போதாது.

ஆனால் என் அனுபவத்தில், முத்திரையைவிடப் பெயரில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். நமக்கு இனிஷியல் பழக்கம். பள்ளிச் சான்றில் "மு. செல்வி". பாஸ்போர்ட்டில் "செல்வி முருகேசன்". திருமணச் சான்றில் கணவர் பெயரின் முதல் எழுத்து. வெளிநாட்டு அதிகாரிக்கு இது மூன்று பெண்கள்! லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள், நீங்களே பாருங்க. அதனால் முத்திரைக்குக் கொடுக்கும் முன் எல்லாக் காகிதங்களையும் பாஸ்போர்ட்டோடு பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கணும். எழுத்துப் பிழை என்றால் சான்று கொடுத்த அலுவலகத்தில் திருத்த மனு. பெயரையே மாற்றுவதாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் வெளியிடணும். இரண்டுக்கும் நாள் பிடிக்கும். விசா வந்த பிறகு ஓடினால் முடியாது.

சில பேர் வீட்டில் பிறப்புச் சான்று இருக்கும், ஆனால் அதில் குழந்தையின் பெயரே இருக்காது. ஆஸ்பத்திரியில் பதியும்போது பெயர் வைத்திருக்க மாட்டோம். ஒரு வருடத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு பதினைந்து வயது வரை சேர்க்கலாம்.

திருமணத்தைப் பதிய வேண்டும் என்பது 2009 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் எல்லா மதத்தாருக்கும் கட்டாயம். கோயில் ரசீதும் பத்திரிகையும் மட்டும் வைத்துக்கொண்டு கணவரோடு போய் இருக்க விசா கேட்க முடியாது. சார்பதிவாளர் அலுவலகச் சான்று வேணும்.

இன்னொன்று, சிரிக்காதீங்க. சான்றிதழை லேமினேட் செய்யாதீங்க! ஜெராக்ஸ் கடைக்காரர் நல்லெண்ணத்தில் செய்து கொடுப்பார். அதன் மேல் சீலும் விழாது, ஸ்டிக்கரும் ஒட்டாது. பிறப்புச் சான்றாவது புதுசு வாங்கலாம், டிகிரிக்கு என்ன செய்வீங்க?

ஒரு சகோதரி கேட்கிறார்: "வீட்டுக்காரர் துபாயில் இருக்கார். நிலம் விற்க எனக்கு பவர் அனுப்பினால் செல்லுமா?" செல்லும். அங்கே இருக்கிற இந்தியத் துணைத் தூதரக அதிகாரி முன்னால் அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பணும். காகிதம் நம்ம கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் காட்டி முத்திரைத் தீர்வை கட்டணும். தபால் வந்த கவரைத் தூக்கிப் போடாதீங்க, வந்த தேதிக்கு அதுதான் சாட்சி. எந்த சர்வே எண், எதற்கு அதிகாரம் என்று பவரில் தெளிவாக எழுதச் சொல்லுங்க. "எல்லாச் சொத்தும், எல்லா அதிகாரமும்" என்று கொழுந்தன் பெயரில் ஒரு பவர் வந்து, இவள் குடியிருக்கும் வீடே விலையாகிப் போன கதை நம்ம ஒன்றியத்திலேயே இருக்கு. எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும் வரைதான் பவருக்கும் உயிர் என்பதும் நினைவிருக்கட்டும்.

வீட்டில் யாராவது வெளிநாடு போகிற யோசனை இருந்தால், அடுத்த கூட்டத்துக்குப் பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று இவற்றின் ஜெராக்ஸ் கொண்டு வாங்க. பெயர் ஒத்திருக்கா என்று உட்கார்ந்து பார்ப்போம். அசல் வீட்டிலேயே இருக்கட்டும்.