பழைய நாற்காலிக்குப் புது மெருகு



நம்மில் பலர் வீட்டு வாசலில் ஒரு பழைய சாய்வு நாற்காலி கிடக்கும். கிராணியார் தோட்டம் மாறிப் போனபோது விலைக்கு வாங்கியதாக இருக்கும். தாத்தா சாய்ந்து சாய்ந்து அதன் கைகள் இரண்டும் வியர்வையேறிக் கறுத்திருக்கும். சூடான தேநீர்க் குவளை வைத்த இடத்தில் வெள்ளை வட்டம் விழுந்திருக்கும். வேறு வீட்டுக்குக் குடிபோகும்போது, "இது எதற்கு, விறகுக்குத்தான் ஆகும்" என்று விட்டுவிட்டுப் போகிறோம். உள்ளே இருப்பது நல்ல தேக்காகவோ மெராந்தியாகவோ இருக்கலாம். கெட்டுப்போனது மேல்பூச்சு மட்டுமே.

அதை வீட்டிலேயே புதுப்பிக்கும் முறையை இன்று பார்ப்போம். இறுதியில் எண்ணெய்த் துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குள் யாரும் அடுப்படிக்கு எழுந்து போய்விட வேண்டாம்.

முதலில் கித்தானைக் கழற்றிவிட்டு, மரத்தைச் சவர்க்கார நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். பாதிக் கறுப்பு அழுக்காகவே இருக்கும். காய்ந்த பிறகு, கண்ணில் படாத அடிப்பக்கத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு விடுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் நனைத்த துணியாலேயே அதை எடுத்துவிடலாம். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். வெளியில் வைத்துச் செய்யுங்கள். பக்கத்தில் சுருட்டும் கூடாது, ஊதுபத்தியும் கூடாது. இளகாவிட்டால் வார்னிஷாக இருக்கலாம். அதைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பச்சை, நீலம் என்று சாயம் அடித்த பழைய நாற்காலியானால் அதைத் தேய்க்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். பழைய சாயங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. அந்தத் தூள் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகும். ஒரு நாற்காலிக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

மரத்தில் அடிபட்டுக் குழி விழுந்திருந்தால் அதன்மேல் ஈரத்துணியை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் சிறிது நேரம் அழுத்துங்கள். நசுங்கிய நார் ஆவியை உறிஞ்சி உப்பிக்கொண்டு மேலே வரும். நாங்கள் இதைச் செய்தபோது, "மரத்துக்குமா இஸ்திரி?" என்று வீட்டுப் பெரியவர்கள் சிரித்தார்கள். குழி மறைந்ததும் தடவித் தடவிப் பார்த்தார்கள். ஆனால் கத்தி வெட்டிய காயம் இப்படி எழும்பாது.

அடுத்தது உப்புத்தாள். 120 எண்ணில் தொடங்கி, 180, 220 என்று போங்கள். எண் கூடக் கூடத் தாள் நைசாகும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் எண்ணெய் பட்டதும் பளிச்சென்று தெரியும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தில் மயிர்போல நார் சிலிர்த்து நிற்கும். அதை 220 தாளால் மெல்ல நீவி விடுங்கள்.

இனி எண்ணெய். சமையலறையில் இருக்கிறதே என்று செம்பனை எண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ பூசாதீர்கள். அவை உலர்ந்து இறுகுவதில்லை. பிசுக்காகவே நின்று தூசியைப் பிடிக்கும். சாயக் கடையில் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் என்று கேளுங்கள். துணியால் மெல்லப் பூசி, கால் மணி நேரம் கழித்து, மீந்ததையெல்லாம் அழுத்தித் துடைத்து எடுத்துவிடுங்கள். ஒரு நாள் காயட்டும். மழைக்காலமானால் இரண்டு நாள். இப்படி மூன்று நான்கு முறை செய்யலாம். விரைவில் உலர்வதற்காக அதில் உலோக உப்புகளைச் சேர்த்திருப்பார்கள். ஆகவே அகப்பை, காய்கறிப் பலகை போன்றவற்றுக்கு இது ஆகாது.

இப்போது அந்தத் துணிக்கு வருவோம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொண்டுதான் இறுகுகிறது. அப்போது வெப்பம் உண்டாகும். நாற்காலியின்மேல் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அது போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருக்கும். தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் துணி பற்றிக்கொள்ளும்.

இதைப் படித்திருந்தும் நாங்கள் ஒருமுறை மறந்தோம். துணியைப் பந்தாகச் சுருட்டி, பழைய செய்தித்தாள் கட்டின்மேல் போட்டுவிட்டோம். மாலையில் கருகல் வாடை. அடுப்பில் ஒன்றும் இல்லை. துணியைத் தொட்டால் கை சுட்டது, நடுவில் பழுப்பேறியிருந்தது. பலகைச் சுவர் வீடு, பக்கத்து அறையில் பிள்ளைகள்.

1991 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 38 மாடிக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. 22-ஆம் மாடியில் மரப்பலகைகளைப் புதுப்பித்தவர்கள் விட்டுச் சென்ற ஆளிவிதை எண்ணெய்த் துணிகளே அதற்குக் காரணம். தீயணைப்பு வீரர்கள் மூவர் மாண்டார்கள்.

ஆகவே வேலை முடிந்த உடனே, கை கழுவுவதற்கும் முன்பாக, துணியைத் தண்ணீர் நிறைந்த தகர டின்னில் அமிழ்த்தி மூடி, வெளியில் வையுங்கள். அல்லது ஒவ்வொரு துணியாக விரித்து, வீட்டுக்கு எட்டத்தில் வேலிக் கம்பியில் ஒற்றை மடிப்பாகப் போடுங்கள். விறைத்துக் காய்ந்த பிறகே எறியலாம். அழுக்குத் துணிக் குவியலிலோ குப்பைக் கூடையிலோ போடவே கூடாது. எண்ணெய் பட்ட மரத்தூளும் அப்படித்தான்.

கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரம் போகட்டும். எண்ணெய் வாடை அடங்கி, கை வைத்தால் ஒட்டாமல் இருந்தால் புதுக் கித்தானைத் தைத்து மாட்டலாம். அதுவரை தாத்தா பெஞ்சில்தான் உட்கார வேண்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.