ஞாயிறும் மற்ற ஆறு நாட்களும்

(பங்கின் யூபிலி ஆயத்தத் தியானத்தின் இரண்டாம் நாள் மாலை ஆற்றிய உரை)



கிறிஸ்தவன் என்பவன் யார் என்று கேட்டால் நம் ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள். அதே கேள்வியை, உங்களோடு ஒரே மெஷினில் வேலை பார்க்கும் வேறு மதத்து நண்பரிடம் கேட்டால் என்ன சொல்வார்? அவர் உங்களைப் பூசையில் பார்த்ததில்லை. நீங்கள் செபமாலை சொல்வதைக் கேட்டதில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஷிப்டில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான். அவரைப் பொறுத்தவரை கிறிஸ்தவம் என்பது நீங்கள்தான். விசுவாசம் ஒரு பக்கம், அன்றாட வாழ்வு மறுபக்கம் என்று பிரிந்து கிடப்பது நம் காலத்தின் பெரிய தவறுகளில் ஒன்று என்ற கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் வெளியிட்ட ஏட்டில் அழுத்தமாகக் கூறியிருக்கிறது.

நம் பகுதிக்கு இது புதிய செய்தி அல்ல. கோவிலூர், மத்திகிரி, எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்கள் இங்கே ஆலைகள் வருமுன்பே இருந்தவை. 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது புதுவை, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்று மறைமாவட்டங்களின் பகுதிகளையும் சேர்த்தே அதை அமைத்தார்கள். 1997-ல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. ஆக, பல இடங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே குடும்பமாவது நம் வரலாற்றிலேயே உள்ளது.

மைசூர்ப் பக்கத்து வரலாற்றில் ஒரு குருவைப் பற்றி இன்று சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்தான் துபுவா அடிகளார். 1792-ல் பிரான்சிலிருந்து நம் நாட்டுக்கு வந்தவர். நம்மவரைப்போல் உடுத்தி, நம்மவர் உணவையே உண்டு வாழ்ந்தார். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், சிதறிப்போன கிறிஸ்தவர்களைக் கூட்டிச் சேர்க்க மைசூர் நாட்டுக்குப் போனார். அங்கே ஹாசனுக்கு அருகே சாத்தள்ளியில் ஏழைக் கிறிஸ்தவர்களைக் குடியேற்றி உழவுத் தொழிலில் நிலைபெறச் செய்தார்.

அக்காலத்தில் பெரியம்மை வந்தால் ஊர் காலியாகும். பசு அம்மையைக் கொண்டு அதைத் தடுக்கலாம் என்று ஜென்னர் என்ற ஆங்கில மருத்துவர் 1796-ல் கண்டறிந்தார். அந்த மருந்து 1802-ல் இந்தியாவுக்கு வந்தது. மறு ஆண்டே நம் அடிகளார் அந்தப் பணியில் இறங்கிவிட்டார். 1803-04-ல் மைசூர் நாட்டில் அவர் முயற்சியால் அம்மை குத்தப்பட்டவர்கள் 25,432 பேர் என்று கணக்கு இருக்கிறது. காரும் இல்லை, நல்ல சாலையும் இல்லாத காலம் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த நாளில் மருந்து புட்டியில் வரவில்லை. அம்மை குத்திய ஒருவர் கையில் எட்டாம் நாள் எழும் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, அடுத்தவர் கையில் குத்த வேண்டும். அவர் கையிலிருந்து இன்னொருவருக்கு. நடுவில் ஒருவர் "முடியாது" என்றால் அந்த ஊரில் மருந்தே அற்றுப்போகும். "எந்தச் சாதிக்காரன் உடம்பிலிருந்து எடுத்தது?" என்று கேட்டு மறுத்தவர்கள் நாடெங்கும் இருந்தார்கள். அம்மைக்குச் சாதி தெரியாது, மருந்துக்கும் தெரியாது. தெரிந்தது மனிதனுக்கு மட்டும்தான்!

இதே துபுவா அடிகளார் 1823-ல் பிரான்சுக்குத் திரும்பினார். இந்தியாவில் மக்களை மனந்திருப்பும் முயற்சி வெற்றி பெறாது என்று மனம் சலித்து அவர் எழுதிய நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது. அந்த முடிவை நான் ஏற்பதில்லை. இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் நீங்களே அதற்கு மறுப்பு. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். அம்மை குத்திக்கொண்ட அத்தனை ஆயிரம் பேரும் கிறிஸ்தவர்களாகவில்லை. பலன் கிட்டாது என்று எண்ணியவர்தான் ஊர் ஊராக உயிர்களைக் காத்தார். எண்ணிக்கைக்காகச் செய்திருந்தால் பாதியில் விட்டிருப்பார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சிப்காட் வந்தது, 1980-களில் லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று ஆலைகள் பெருகின. கன்னியாகுமரி, தூத்துக்குடி, திருச்சி, வேலூர் என்று பல திசைகளிலிருந்தும் நாம் வந்தோம். வந்த புதிதில் லைன் வீட்டில் ஒரே குழாயடியில் வரிசையில் நின்றவர்கள் நம்மில் பலர். இன்று சிலர் சொந்த வீடு கட்டி, மாடியை வாடகைக்கும் விட்டிருக்கிறோம். கேட்டில் வந்து நிற்பவர்களோ ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். "வெளியூர்க்காரர்கள் வந்து ஊர் கெட்டுவிட்டது" என்று நாமே பேசுவதைக் கேட்கிறேன். நாம் மட்டும் எந்த ஊராம்?

அந்தப் பிள்ளைகளில் கத்தோலிக்கரும் இருக்கிறார்கள். பூசை நேரத்தில் கடைசித் தூணருகே நின்று, தமிழ் புரியாமல், எழுந்தருளும் நேரத்தில் மட்டும் முழந்தாளிட்டு வணங்கிவிட்டுப் போகிறார்கள். சமாதான வாழ்த்துச் சொல்லும்போது நாம் பக்கத்து வரிசைக்குத் திரும்புகிறோம். பின்னால் யாரும் திரும்புவதில்லை.

ஆலைக்குள்ளும் இதே கதைதான். ஒரே வேலை, ஒருவர் பர்மனென்ட், ஒருவர் கான்ட்ராக்ட். சம்பளமும் வேறு, சட்டையின் நிறமும் வேறு. இதை நீங்கள் ஏற்படுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் புதிய பையன் அவசரத்தில் கை வைத்து விரலை இழக்குமுன், "தம்பி, இப்படிப் பிடிக்காதே" என்று சொல்ல எந்த நிர்வாகத்தின் அனுமதியும் தேவையில்லை. நம்மில் கான்ட்ராக்ட் எடுத்திருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் புதிதாக எதுவும் சொல்ல வேண்டாம். அறுவடை செய்தவனின் பிடித்து வைத்த கூலி ஆண்டவரை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று புனித யாகப்பர் எழுதியதை ஒருமுறை வாசித்தால் போதும். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ல் தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் இதே குரல்தான்.

பெல்ஜியம் நாட்டில் கார்டின் என்றொரு குரு இருந்தார். அவர் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வீடு திரும்பியபோது, தம்மோடு பள்ளியில் படித்து ஆலைக்குப் போன பழைய தோழர்கள் தம்மை அந்நியராகப் பார்ப்பதைக் கண்டார். அந்த வேதனையில் பிறந்ததுதான் 1925-ல் அவர் நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். பார், சீர்தூக்கு, செயல்படு என்பது அவர் கற்றுத்தந்த முறை. பெரும்பாலும் நாம் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம்.

"அப்படியானால் சமூக சேவை போதுமே, செபம் எதற்கு?" என்று நம் இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடவுளோடு பேசாமல் நன்மை செய்பவன் நாளடைவில் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறான்: நான் இவ்வளவு செய்தேன், அவன் நன்றி சொன்னானா? மத்தேயு நற்செய்தியின் தீர்வை நாள் காட்சியில் வலப்பக்கம் நிற்பவர்களைப் பாருங்கள். "ஆண்டவரே, உமக்கு எப்போது உணவு தந்தோம்?" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்கே இல்லை! சூசையப்பர் சொன்னதாக நற்செய்தியில் ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்தார், கூட்டிச் சென்றார் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் எழுந்தது தூதர் சொன்னதைக் கேட்ட பிறகுதான். 1955-ல் மே முதல் நாளைத் தொழிலாளரான அவருடைய திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தினார்.

"நைட் ஷிப்ட் முடித்து வந்தால் செபிக்க எங்கே தெம்பு?" என்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் அரைமணி நேரம் போகிறோம். அன்று யாரோடு வேலை செய்யப் போகிறோமோ, அவர்களில் இரண்டு பேரைப் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள். பிடிக்காத சூப்பர்வைசரையும் சேர்த்துத்தான். பெயர் தெரியாவிட்டால் இறங்கியதும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், கடைசித் தூணருகே நிற்கும் அந்தப் பிள்ளைகளிடமும் பெயர் கேளுங்கள். இந்தி தெரியாது என்று தயங்க வேண்டாம். நம் பிள்ளைகளில் யாருக்காவது தெரியும், கூட அழைத்துப் போங்கள்.